எண்பது சொல்

துய்மா வீதியின் மஞ்சள் வீடு ஓட்டலாகிவிட்டது.
வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி,
பெட்டிக்குள் மதாம் சலேத்தின் கறுப்பு கவுன்.
பக்கத்தில் வைக்கிற அட்டைக்கு
எண்பது சொல் கேட்கிறார்கள்.
தமிழில் எண்பது, பிரெஞ்சில் எண்பது,
சொல்லுக்கு மூன்று ரூபாய்.
"போர்க்காலம் வேண்டாமே," என்றார் மேலாளர்.
"காலைச் சாப்பாட்டுக்குப் போகிற வழி அது."

முதல் இருபது சொல் சுலபம்.
நெல்லித்தோப்பில் சலேத்தம்மாளாகப் பிறந்தார்.
அப்பா நீலத்துணிக்குச் சாயம் போட்டவர்.
ஞாயிறு பூசையில் நன்மை வாங்க நீட்டும் நாக்கு மட்டும்தான்
அவர் உடம்பில் நீலம் ஏறாத இடம்.
மகளுக்குப் பத்தொன்பது வயதில் சைகோன் கப்பல்.
முப்பத்தி நாலில் கத்தினா வீதியில் கடை,
பொன்னெழுத்தில் மெசோன் சலேத்.
தோளில் தையலே தெரியாத ஒரு வெட்டு.
அதற்காக ஹனோயிலிருந்து ரயிலேறி வந்தார்கள்.

மச்சிலிருந்து நாலு அளவுப் புத்தகங்கள் இறங்கின.
மேலாளர் பிரித்துப் பார்க்கவில்லை.
நாற்பத்தொன்று: அட்மிரல் அலுவலகத்து மனைவிமார்,
மார்பு, இடுப்பு, கை நீளம்.
நாற்பத்து நாலு: ஜப்பானிய மேஜர் ஒருவருக்கு மழைக்கோட்டு.
கூலி, அரிசி இரண்டு மூட்டை.
அதே பக்கம், அதே பென்சில்:
விடுதலைப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேருக்குக் கால்சட்டை.
கூலி, இல்லை.
நாற்பத்தைந்து: வடக்கே பஞ்சம்.
புத்தகத்தில் இடுப்புகள்
இரண்டு சென்டிமீட்டர் பெருத்திருக்கின்றன.

கஸ்பார், வெட்டு மாஸ்டர், முத்தியால்பேட்டை.
மார்ச் பதினொன்றுவரை கூலிக் கணக்கில் இருக்கிறார்.
பன்னிரண்டில் ஒரு கோடு.
பெயரை அடித்த கோடில்லை.
பெயருக்குக் கீழே, அளவுகோல் வைத்து இழுத்தது.
அவர் படுக்கைக்கடியில் வானொலி இருந்ததை
யார் சொன்னது?

போர் முடிந்தபின் அவரை முப்பத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள்.
சாட்சியம் போதாதென்று விட்டார்கள்.
போதாது என்றால் இல்லை என்றாகாது.
இல்லை என்று அவரும் எங்கும் எழுதவில்லை.

பாண்டிக்குத் திரும்பி இந்த வீட்டில் கடை போட்டார்.
சொல்தாக்கள் பென்ஷன் வாங்கிவரும்போது
முன்வாசலில் துப்பிவிட்டுப் போனார்கள்.
அவர்கள் பெண்டாட்டிமார்
பின்வாசலில் வந்து அளவு கொடுத்தார்கள்.
ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா
என்றது ஊர்.
இந்தப் பழமொழியை ஆணுக்கு எடுத்து நான் கேட்டதில்லை.
இரண்டு படைக்கும் காக்கி விற்ற மில் முதலாளிக்கு
ஒரு தெருப் பெயர் கிடைத்தது.

ஆனாலும்
பதினொன்றாம் தேதிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
ஒரு ராத்திரி இருக்கிறதே.

நாலாவது புத்தகத்தில் மணியார்டர் ரசீதுகள்.
கஸ்பாரின் மனைவி வெரோணிக்கம்மாளுக்கு
மாதம் முப்பது, பதினாலு வருஷம்.
எல்லாம் திரும்பி வந்தவை.
ஒன்றில்கூட அவள் கைநாட்டு இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு கவுனைத் திருப்பிப் பார்த்தேன்.
உள்துணி நீலம், அப்பாவின் நீலம்,
இன்னும் சாயம் விடுகிறது.
இதை உடுத்தி விருந்தில் ஆடியவள்
வீட்டுக்குப் போய் எவ்வளவு நேரம்
தேய்த்துக் குளித்திருப்பாள்.

அட்டையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.
எண்பத்திரண்டு வந்தது.
கஸ்பாரை எடுத்துவிடலாமா என்றார் மேலாளர்.
'புகழ்பெற்ற'வை எடுத்தேன். 'நேர்த்தியான'வையும்.
கடைசிச் சொல் 'காட்டிக்கொடுக்கப்பட்டார்'.
தமிழில் இதொரு வசதி,
செய்தவரை எழுதாமலே வாக்கியம் முடிந்துவிடும்.
என் கோழைத்தனத்துக்கும் அதில் இடம் இருந்தது.

மேலாளர் விரல் விட்டு எண்ணினார்.
கடைசிச் சொல்லில் நின்று, எழுத்துக் கூட்டி,
"ரொம்ப நீளமாயிருக்கே," என்றார்.
"ஒரு சொல்தான் சார்," என்றேன்.
மூன்று ரூபாய்.